காலி அட்டை

ஐப்பசி, வியாழன் இரவு

தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தும் கோழி இளைத்தால், வேலையாள் கலக்கவில்லை என்றுதான் அர்த்தம். இத்தனை வருடப் பண்ணையில் எனக்கு இது தப்பியதில்லை. என் மனைவி செல்வி விஷயத்திலும் அதையேதான் நினைத்தேன்.

அவளுக்குக் குடலில் டி.பி. என்று ஆஸ்பத்திரியில் மூன்று மாதமாக மாத்திரை கொடுத்தார்கள். வலியும் நிற்கவில்லை, ஆளும் தேறவில்லை. மாத்திரை அட்டை என்னவோ சரியாகத்தான் காலியாகி வந்தது. பிரித்து எறிகிறாளோ என்று தீவனக் கொட்டகைக்குப் பின்னால் குப்பையைக் கிளறினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியும் மனசு ஆறாமல் ஒருநாள், "எங்க, வாயத் தொற" என்றேன். திறந்து காட்டினாள்.

இன்று சேலத்து டாக்டர், இரண்டாவது தடவை குழாய் விட்டு எடுத்த சதையின் ரிப்போர்ட்டைப் படித்தார்.

"இது டி.பி. இல்லைங்க. சிறுகுடல்ல லிம்போமா, ஒரு வகைக் கேன்சர். அந்த மாத்திரை எத்தன தின்னாலும் இதுக்குக் கேக்காது."

"மொதல்லயே ஏனுங்க தெரியல?"

"ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். மொத தடவ எடுத்த சதையில பிடிபடல."

இவரை மட்டும் எப்படி நம்புவது? முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ் ராசிபுரம் தாண்டியது. செல்வி ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாள்:

"இனி மருந்த நரம்புலதான் ஏத்துவாங்களாமுங்க. சொட்டு சொட்டா எறங்குமாம். நீங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கலாமுங்க."