பிசுபிசுக்கும் ஷீட்டுகள்

ஜூலை 4
நான் விறகில் கஞ்சத்தனம் பார்ப்பதாக ரப்பர் சங்கத்தில் பேச்சாம். பச்சைப் பொய். என் வீட்டுக்காரர் காலமான பிறகும், ரப்பர் ஷீட் உலர்த்தும் என் புகை அறையில் நெருப்பு குறைந்ததில்லை. ஷீட்டுகள் பிசுபிசுக்கின்றன என்பது மட்டும் உண்மை. ஏன்?

ஜூலை 6
சங்கச் செயலாளர் அவிராச்சன் என் ஷீட்டை எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்தான். "அம்மச்சி, இது ரப்பரா, அல்வாவா?" ஒரே சிரிப்பு. எப்போதும் முதல் தரம் கொடுத்தவளுக்கு நான்காம் தரம்! அடுத்த முறையும் இப்படியென்றால் ஷீட்டே வாங்கமாட்டார்களாம். இவனை ஞானஸ்நானத்துக்கு ஏந்திக்கொண்டு போனவள் நான்.

ஜூலை 7
இன்னும் இரண்டு கட்டு விறகு போடச் சொன்னேன்.

ஜூலை 12
இன்னும் மோசம்!
ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பைலியைப் பிடித்தேன். எதை மாற்றினாய்?
"ஒண்ணும் மாத்தல கொச்சம்மா. சங்கம் இரவல் குடுத்த ட்ரம்முலதான் இப்பப் பால் கொண்டாறேன்."
முன்பு அதில் என்ன இருந்தது?
"இலைக்கு அடிக்கிற மருந்து. மயில்துத்தம். கழுவித்தான குடுத்தாங்க!"
கழுவினார்களாம். விளிம்பு மடிப்பெல்லாம் நீலம்.

மயில்துத்தம் என்றால் செம்பு. வேதியியல் சும்மாவா படித்தேன்? ரப்பர் என்பது சுருண்டு சிக்கிக் கிடக்கும் நீண்ட இழைகள். இழுத்தால் நிமிரும், விட்டால் சுருளும். அந்த நீளம்தான் அதன் பலம். செம்பு சேர்ந்தால், காற்றும் சூடும் இழைகளைத் துண்டு துண்டாக அறுக்கும். துண்டுகளுக்கு ஏது பிடிப்பு? வழுக்கும், ஒட்டும். நானோ இன்னும் சூடேற்றிக்கொண்டிருந்தேன் — முட்டாள்!

ஜூலை 13
ஒரே மரங்களின் பால். பாதி ட்ரம்மில், பாதி எவர்சில்வர் அண்டாவில். உறைய வைக்க அதே அமிலம், தட்டையாக்க அதே உருளை, உலர்த்த அதே புகை.
"ரெண்டும் ஒரே பாலுதான, கொச்சம்மா?" என்கிறான் பைலி. பொறு.

ஜூலை 25
அண்டாவின் ஷீட் இழுத்தால் நீள்கிறது, விட்டால் திரும்புகிறது. ட்ரம் ஷீட்டில் என் கட்டைவிரல் பதிந்து அப்படியே நின்றது.

ஜூலை 26
இரண்டையும் அவிராச்சன் மேஜையில் போட்டு, ட்ரம்மைப் பற்றியும் சொன்னேன். இழுத்துப் பார்த்தான். சிரிக்கவில்லை. "அம்மச்சி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அந்த மாதிரி ட்ரம் இன்னும் ஆறு வீட்டுல இருக்கு."

ஜூலை 29
ஏத்தங்காய் வறுவலோடு வந்தான். "இனி உங்க ஷீட் முதல் தரம். நான் சொல்றேன்ல? இத வெளிய சொல்லாதீங்க, சங்கத்துக்குக் கேவலம்."
என் கேவலம் மட்டும் ஊரறியலாமோ? வறுவலை வாங்கிக்கொண்டேன். அவன் போனதும் சங்கத்துக்கு எழுதி அனுப்பினேன். நகல்:

"என் ஷீட்டுகள் கெட்டது சங்கம் தந்த ட்ரம்மால், விறகால் அல்ல. இதை அறிவிப்புப் பலகையில் ஒட்டவும். ஆறு வீடுகளிலிருந்தும் ட்ரம்களைத் திரும்ப எடுக்கவும். வாய்மொழி போதாது. தயவுசெய்து பதிலை எழுத்தில் தரவும்."