பிளாஸ்டிக் மரத்தடியில் சம்பந்தம்

மார்ச், ஞாயிறு.

மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அப்பா, வசந்தம் பார்க்கலாமென்று எங்களை ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு வரவழைத்தார். வசந்தம் ஒரு பேரங்காடிக்குள் இருந்தது. ஜப்பான் செர்ரிப் பூ மரம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் மரம், கீழே பாய். ஏர்கோன் குளிரில் மனிதர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார்.

"வாயத் தொறக்காதீங்க, புள்ள வாழ்க்கை," என்று மனைவி காதில் சொன்னாள்.

அவர் மடியில் ஒரு காகிதப் பூ விழுந்தது. "பாத்தீங்களாண்ணே, சீசன் முடியப்போவுது!"

மேலே ஏணியில் நின்று ஒருவன் கூடையிலிருந்து பூவைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"அழகா இருக்கு லா," என்றேன். எனக்கே வாய் கூசியது.

"அப்ப கல்யாணம் முடிவு. இனி வருஷா வருஷம் ரெண்டு குடும்பமும் இங்கதான்!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் முகம் மலர்ந்தது. அது மட்டும் பிளாஸ்டிக் இல்லை.

"வருஷா வருஷம் வாரேன் சம்பந்தி," என்றேன்.

நானும் ஒரு தொப்பி வாங்க வேண்டும்.