வலக்கையில் கட்டிய கடிகாரம்

திண்டிவனம்
4.2.2025

அன்புள்ள பிரபாவுக்கு,

நலம். மகன் ராஜ்குமார் வீட்டில் நீயும் நலமாக இருப்பாய். என் போனை எடுப்பதில்லை. முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள், எழுதி வந்ததைப் படிக்காமல் போடமாட்டாய் என்றுதான் இந்தக் கடிதம்.

பத்து நாளாக என் நாடி தப்புகிறது. நாலு அடி, ஓர் இடைவெளி, பிறகு அவசரமாக இரண்டு. தன் நாடியைத் தானே பார்த்துச் சொல்ல முடியாது. பயம் விரலுக்கு வந்துவிடும். நேற்று முனியம்மாளுக்கு நாடி பார்த்தபோது, எது அவள் துடிப்பு, எது என்னுடையது என்று பிரிக்கவே நேரமாயிற்று. "இன்னா வைத்தியரே, எம்மா நேரம் கையப் புடிச்சிக்கினு இருப்பீங்க? அக்கா பார்த்தா பேஜாராயிடும்!" என்று சிரித்தாள்.

ஒருநாள் வந்து என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போ. பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.

உன்
கண்ணையன்

விழுப்புரம்
9.2.2025

வைத்தியர் அவர்களுக்கு,

நாடி தப்பினால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். அதற்கு மனைவி வர வேண்டியதில்லை. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் ஏன் வரமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று மாதம் என் கேப்பைக் கூழில் எனக்குத் தெரியாமல், சர்க்கரையை இறக்கும் சிறுகுறிஞ்சான் சூரணம் கலந்தீர்கள். நான் சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு, மெஷினில் அளவு இறங்குவதை நோட்டில் எழுதிச் சந்தோஷப்பட்டேன். ஒருநாள் நாற்பத்தொன்றுக்கு இறங்கி, அடுப்படியில் விழுந்தேன். "வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "ஒன்னுமில்லீங்க" என்றேன். நீங்கள் கட்டில் பக்கத்தில் பேசாமல் நின்றீர்கள். கேப்பை மாவுக்குப் பின்னால் அந்தச் சூரண டப்பா எனக்குக் கிடைக்க இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

ராஜ்குமார் ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்து தருவான். உங்கள் துடிப்பு அவன் போனில் ஓடிக்கொண்டே இருக்கும்; தப்பினால் உங்கள் போனுக்கும் அவன் போனுக்கும் செய்தி வரும். இடக்கையில் கட்டிக்கொள்ளுங்கள்.

பிரபாவதி

திண்டிவனம்
26.2.2025

அன்புள்ள பிரபா,

கடிகாரம் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டது. ஈ.சி.ஜி.யும் அதையே சொன்னது. இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் சின்னப் பெண். "ஐயா, வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களா?" என்று என்னையும் கேட்டாள். என் கஷாயம், லேகியம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டு, இரண்டை நிறுத்தச் சொன்னாள். அரை நிமிஷ வேலை.

அன்றைக்கு அந்த அரை நிமிஷம் எனக்கு வாய் வரவில்லை. என் மருந்து வேலை செய்துவிட்டது என்ற நினைப்பில் இருந்தேன். நீ விழுந்து கிடந்தபோதும் முதலில் தோன்றியது அதுதான். உன்னிடம் கேட்காமல் செய்தது தப்பு. சொல்லாமல் நின்றது அதைவிடப் பெரிய தப்பு.

கடிகாரத்தை வலக்கையில்தான் கட்டியிருக்கிறேன். ஆண்களுக்கு நாடி பார்ப்பது அந்தக் கையில்தானே. யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. காலையில் கூழ் இன்னும் இரண்டு பேருக்குத்தான் காய்ச்சுகிறேன். கை அளவு மாறவில்லை.

வருவாயா?

கண்ணையன்

விழுப்புரம்
5.3.2025

வைத்தியர் அவர்களுக்கு,

இதை நீங்கள் சொல்ல வேண்டும் என்று ஒரு வருஷம் காத்திருந்தேன். சொல்லிவிட்டால் வரத் தோன்றும் என்று நினைத்திருந்தேன். கடிதத்தை மூன்று முறை படித்தேன். தோன்றவில்லை. இனி யார் கொடுத்தாலும் கூழை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். உங்கள் எதிரில் உட்கார்ந்து அப்படிக் குடிக்க என்னால் முடியாது.

ஒருவருக்கு மட்டும் காய்ச்சுங்கள். மாத்திரையை வேளை தவறாமல் போடுங்கள்.

கடிகாரத்துக்குச் சார்ஜ் போடுவதாக இருந்தால் ராஜ்குமாரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நேற்றுக் காலை முக்கால் மணி நேரம் அவன் போனில் துடிப்பு ஒன்றுமே வரவில்லை.

பிரபா