வட்ட மேசையில் கிழக்குப் பார்த்த இடம்

இன்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புது மேசைகள் இறக்கினார்கள், மாஸ்டர். வார்னிஷ் மணம் றோட்டுவரை வந்தது. எட்டிப் பார்த்தேன். எல்லாம் வரிசை வரிசையாக. ஒரு பிள்ளைக்கு முன்னால் இருக்கும் பிள்ளையின் முதுகுதான் தெரியும். உம்மை இழந்த இந்த ஊரில் இதை ஆரிடம் சொல்ல?

"பிள்ளையள் முகம் பாத்துக் கதைச்சுப் படிக்கவேணும். அதுக்கு ஏத்த மேசை வேணும்" என்று அன்றைக்கு நீர் கேட்டபோது, ஐந்தாம் வகுப்போடு நின்ற நான்தான் வட்டம் கீறித் தந்தேன். தீவுப்பகுதி என்ன, இலங்கையிலேயே அப்படி ஒரு மேசை அதற்குமுன் இல்லை.

பிறகுதான் தலையிடி. அதுவரை பனையேறிக் கள்ளிறக்கும் சீவல் தொழிலாளரின் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்தவர்கள். இனி எல்லாரும் ஒரே மேசையிலா என்று என் காணிக்காரச் சொந்தங்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளை மறித்தால் பள்ளிக்கூடம் பூட்டுப்படும். நான் விடுவேனா? வந்த ஒவ்வொருவரின் காதிலும் சொன்னேன்: "கிழக்குப் பாத்த இடம் உங்கடை பிள்ளைக்குத்தான், அண்ணை. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

முதல் நாள் காலை அத்தனை தகப்பன்மாரும் படலையில் நின்றார்கள். கிழக்குப் பார்த்த கதிரையில் ஒரு சீவல் தொழிலாளியின் மகன் இருந்தான். உம்மிடம் ஓடி வந்தேன்.

"என்ன காணும் இது?"

"நாளைக்கு வேறை பிள்ளை இருக்கும். ஒவ்வொரு நாளும் இடம் மாறும்" என்றீர்.

"இதை ஆர் அவையளுக்குச் சொல்லுறது?"

"இடம் குடுத்த ஆள்தான்."

அதற்குள் என் ஒன்றுவிட்ட அண்ணர் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். "எழும்பு பிள்ளை, வீட்டை போவம்."

அந்தப் பையனோடு ஒரே சிலேட்டில் குனிந்திருந்த அவர் மகள் நிமிரவேயில்லை. "பொறுங்கோ அப்பா, எங்கடை கணக்கு இன்னும் சரிவரேல்லை."

அவர் நின்றார். படலையில் நின்றவர்களும் அவரையே பார்த்தார்கள். பிறகு திரும்பி நடந்தார், மற்றவர்களும் கலைந்தார்கள். என் பேச்சுக்குத்தான் அவர் திரும்பினார் என்று ஊருக்குச் சொல்லிவைத்தேன். நீர் ஒருநாளும் மறுக்கவில்லை.

நாளை பள்ளிக்கூட அதிபரிடம் போய் மேசைகளை முகம்பார்க்கத் திருப்பிப் போடச் சொல்லப்போகிறேன். கேட்பாரோ தெரியாது.

இப்போதும் எந்த வீட்டுக்குப் போனாலும் கதிரைகளை முகம்பார்க்கத் திருப்பிப் போடுகிறேன், மாஸ்டர். போட்டுவிட்டு இருக்க ஏலாது. அன்றைக்குப் போல ஆராவது பிள்ளையைக் கூப்பிட்டுப்போக வருகிறார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.