கதிரோட வலது கை

நவ. 4, திங்கள்
விடிஞ்சதுல இருந்து பனி, எதிர்த்த காடு கண்ணுக்கே தெரியல. பூண்டு நடவு பாதியில நிக்கு. கம்பளிச் சொட்டர் துவைக்கணும் (எங்க காய?).
கதிருக்கு ஆறு மாசம். இடது கையால என் தாலிக்கயிறைப் புடிச்சு ஒரே இழுப்பு. வலது கை மூடியே கெடக்கு. இவருக்குக் கோபம்: "அறுந்துரப் போகுது, உள்ள எடுத்துப் போடு." நொட்டாங்கைப் பழக்கம் வந்துருமாம், புள்ள இடது கையைத் துண்டால கட்டிட்டாரு. பள்ளிக்கூடத்துல அதுக்காக அடி வாங்கின மனுசன். கதிர் வீறிட்டான். துண்டை அவுத்து எறிஞ்சேன். ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

நவ. 6, புதன்
தடுப்பூசி. நர்சக்கா வலது பக்கம் கிலுகிலுப்பை ஆட்டினாங்க. அதுக்கும் இடது கையைத்தான் கொண்டுபோறான்.
"இந்த வயசுல நொட்டாங்கை, சோத்துக்கைன்னு கிடையாதும்மா. ரெண்டும் வரணும். குறைமாசப் புள்ள வேற. வெரசா கொடைக்கானல்ல காட்டுங்க."
மூடின கையைப் பாத்து, எம்புள்ளைக்கு இரும்புப் புடின்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேனே. ச்சை.

நவ. 8, வெள்ளி
வெள்ளனே பஸ். மழை. டாக்டரம்மா மல்லாத்தி, குப்புறப் போட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. பெருமூளை வாதமா இருக்கலாம். கோளாறு கையில இல்ல, மூளையில. ஸ்கேன் எழுதியிருக்கு.
"உறுதியாகட்டும்னு காத்திருக்க வேணாம். பயிற்சி இன்னைக்கே ஆரம்பிப்போம். பிஞ்சு மூளை, வேகமாக் கத்துக்கும்."
நடப்பானான்னு கேட்டேன். இப்பச் சொல்ல முடியாதாம்.
பயிற்சி: தினம் கொஞ்ச நேரம் இடது கைக்கு மெத்துனு சாக்ஸ். கட்டக் கூடாது. வலது கைக்கு விளையாட்டு காட்டணும். ரொம்ப அழுதா நிறுத்திரணும்.
இவரு என்னையப் பாத்தாரு. நான் ஜன்னலைப் பாத்தேன்.

நவ. 10, ஞாயிறு
வெயில், அதிசயமா. சாக்ஸ் மாட்டினது நான். சிணுங்கினான்.
"பாவம், கழட்டிரு புள்ள." யாரு சொல்றது! துண்டு கட்டின மனுசன்.
எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அந்தக் கை ஒருக்கா என் மூஞ்சியைத் தொடணும். பிராண்டினாக்கூடப் போதும்.

நவ. 14, வியாழன்
ஒண்ணுமில்ல. சொட்டர் இன்னும் ஈரம்.

நவ. 17, ஞாயிறு
சாக்ஸ் மாட்டிட்டுக் குனிஞ்சேன். தாலிக்கயிறு அவன் வலது கைகிட்டத் தொங்குச்சு. ரெண்டு விரல் விரிஞ்சுச்சு. சத்தியமா விரிஞ்சுச்சு. கயிறைத் தொட்டு நழுவிருச்சு. மறுபடியும்.
"ஏங்க!"
இவரு மம்பட்டியைப் போட்டுட்டு ஓடியாந்து பக்கத்துல குத்தவச்சாரு.
"இழுடா ராசா. அறுந்தாலும் அறுந்துட்டுப் போகுது. இழுடா."