உப்பு விளையுமா?

கோபித்துக்கொண்டு கடலுக்கே திரும்பிவிட்ட என் மனைவிக்கு,

"தப்பை ஒத்துக்கொள்ளும்வரை உமக்குச் சாவு கிடையாது" என்று நீ சபித்து எழுநூறு வருஷமாகிறது. நம் அகராதியில் உப்பு 'விளையும்' என்று எழுதியிருந்தாய். உயிரில்லாதது எப்படி விளையும் என்று திருத்தினேன். அன்றிலிருந்து உப்பளப் பக்கமே நான் வரவில்லை.

இன்று மரக்காணம் வந்தேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பச்சையம்மாள், "தள்ளி நில்லுங்க பெரியவரே, விளைஞ்சத மிதிக்காதீங்க" என்றாள்.

"உப்பு விளையுமா?"

"விளையாம, வானத்துலேர்ந்தா கொட்டுது?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அகராதியில் இன்னும் பொருள் எழுதாத சொல் 'சாவு' ஒன்றுதான். அடுத்தவன் சொன்னதைக் கேட்டு எழுத எனக்குப் பிடிக்காது. அது என்னவென்று நானே பார்த்தாக வேண்டும். அதனால் ஒத்துக்கொள்கிறேன்: உப்பு விளையும்.

பொருள் தெரிந்ததும் வந்து சொல்கிறேன். நீயே எழுது. இந்தத் தடவை திருத்த மாட்டேன்.

இப்படிக்கு,
உன் புருஷன்