ஆலைக்குக் கீழே ஓடும் தண்ணீர்

1984 ஜூன் 11, திங்கள்

பால்வண்ணநாதன் சார் ஓய்வு பெற்றுப் பதினோரு நாள். உதவிப் பொறியாளர் அவர். அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. எழுத்தர் இடம் போன வருடமே காலி. மாதிரி சேகரிக்கும் ஆளை இந்தத் தென்காசி நீர் மாசுத் தடுப்பு அலுவலகம் பார்த்ததே கிடையாது. தண்ணீரைச் சோதிக்கிற நான் மட்டும் இருக்கிறேன். ‘மறு உத்தரவு வரை முழுப் பொறுப்பும் முத்துவடிவு’ என்று என் பெயருக்கு ஒரு தாள் வந்திருக்கிறது.

காலையில் அட்டை ஆலையின் ஜீப் வந்து நின்றது. நமக்கு வண்டி இல்லையென்று அவர்களே அனுப்புகிறார்கள். ஏறினேன். வழியெல்லாம் குற்றாலத்துக்குப் போகிற கார்கள். சீசன்.

ஆலையின் வேதியியலாளர் வல்லிநாயகம் ஓடையில் இறங்கிப் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தான். கழிவுக் குழாய் விழும் இடத்துக்கு நூறடி மேலே. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். சீட்டு எழுதி ஒட்டினேன்.

தண்ணீர் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்றே எழுதினேன்.

ஜூன் 20, புதன்

ஆள் கேட்டு எழுதியதற்கு நெல்லை மாவட்ட அலுவலகத்திலிருந்து பதில். ஆள் இல்லை. ஆலை தன் வேதியியலாளரை வாரம் மூன்று நாள் நமக்கு உதவியாக அனுப்பச் சம்மதித்திருக்கிறதாம். அதாவது ஆலையின் தண்ணீரை ஆலையின் ஆளே சோதிப்பான். கையெழுத்து நான் போட வேண்டும்.

கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. தாளைக் கோப்பில் சேர்த்தேன்.

ஜூன் 28

சாரல். ஒன்றும் நடக்கவில்லை.

ஜூலை 4, புதன்

ஒரு அம்மாள் வந்தாள். பெயர் குருவம்மாள். இலத்தூரிலிருந்து வந்திருந்தாள். ஆலைக்குக் கீழே ஓடைக்கரையில் வீடு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். பழுப்பு நிறம். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க நாற்றம்.

“இதக் குடிச்சிட்டுத்தாம்மா என் எரும விழுந்துச்சு. ஏழு மாசச் சினை. நொரை தள்ளிட்டுக் கெடந்துச்சு. பொழுது அடையுததுக்குள்ள போயிட்டு.”

வெளியாள் கொண்டுவந்த தண்ணீரைச் சோதித்தாலும் அது சட்டப்படி செல்லாது என்றேன். ஆலைக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர்கள் ஆள் முன்னால் எடுத்து, முத்திரை வைத்தால்தான் கணக்கு.

“அப்பம் நீங்க வந்து எடுங்க. ஜீப்புல வாறிய, மேல நின்னு தண்ணி மோந்துட்டுப் போறிய. நான் கரையில நின்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். அங்கன கீழ ஒருநாளாவது இறங்கிப் பாத்தியளா?”

முகவரியை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டேன். அவள் கணுக்காலில் புண்.

ஜூலை 5

நெல்லைக்குப் போன். மாவட்ட அதிகாரி அனந்தநாராயணன் சார்தான் எடுத்தார். மெதுவாகப் பேசினார். அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார்.

“நீங்க ஏம்மா இதெல்லாம் இழுத்துப் போட்டுக்கறேள்? ஒரே ஆள் நீங்க. அவாளோட நல்லபடியா இருந்தாத்தானே ஆபீஸ் நடக்கும்?”

ஆமாம் சார் என்றேன். உண்மையில் அப்படித்தானே நடக்கிறது.

ஜூலை 10, செவ்வாய்

பஸ்ஸில் போனேன். துணிப்பையில் நான்கு பாட்டில், அரக்கு, முத்திரை, நோட்டீஸ். ஏன் இன்றைக்கு? தெரியவில்லை. விழித்தேன், குளித்தேன், செங்கோட்டை பஸ்ஸில் ஏறினேன், அவ்வளவுதான்.

ஆலை வாசலில் நோட்டீஸைக் கொடுத்ததும் மேலாளர் வல்லிநாயகத்தையே அனுப்பினார். வழக்கமான இடத்தைத் தாண்டி நான் நடந்தேன். அவன் பின்னாலேயே வந்தான்.

“எக்கா, அங்க வேண்டாங்கா. எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு.”

“நீ எடுக்க வேண்டாம். நான் எடுக்கேன். நீ பாத்தேன்னு கையெழுத்து மட்டும் போடு.”

குழாய்க்குக் கீழே முழங்கால் வரை இறங்கினேன். சேறு சூடாக இருந்தது. எடுத்த இடத்திலேயே பாட்டிலில் மருந்து விட்டேன். தண்ணீரில் பிராணவாயு இருந்தால் பழுப்பாகும். வெள்ளையாகவே நின்றது. துளிகூட இல்லை.

வல்லிநாயகம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கையெழுத்துப் போட்டான். அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன்.

ஜூலை 15, ஞாயிறு

ஐந்து நாள் சோதனை முடிந்தது. கழிவு, அனுமதித்த அளவைப்போல் பன்னிரண்டு மடங்கு. அறிக்கையை நெல்லைக்கு ஒன்றும் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு ஒன்றும் பதிவுத் தபாலில் நாளை அனுப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 2

மாற்றல். சென்னை, தலைமை அலுவலகம், ஆவணப் பிரிவு. ‘நிர்வாக நலன் கருதி.’ ஒரு வாரத்தில் சேர வேண்டும்.

ஆகஸ்ட் 7

சாவியை வல்லிநாயகத்திடம் கொடுக்கச் சொல்லி உத்தரவு. என் இடத்தில் அவனைத் தற்காலிகமாக நியமித்திருக்கிறார்கள். வாங்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் கேக்கலக்கா, அவங்களாத்தான் போட்டாங்க” என்றான். நம்புகிறேன். நம்பி என்ன செய்ய?

1985 பிப்ரவரி 12, செவ்வாய். சென்னை

இங்கே என் வேலை, மாவட்டங்களிலிருந்து வரும் அறிக்கைகளைப் பார்த்துச் சுருக்கொப்பம் போட்டு அடுக்குவது. ஆறு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தென்காசித் தாளுக்கும் போட்டேன். ஆமாம், போட்டேன்.

இன்று செப்டம்பரிலிருந்து ஐந்து மாதத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மழைக்காலத்திலும் அதே எண், மழை விட்ட பிறகும் அதே எண். புள்ளிக்குப் பிறகும் மாறவில்லை. ஒரே ஒரு நாள்கூட வல்லிநாயகம் ஓடைக்குப் போகவில்லை.

சுருக்கொப்பம் போடவில்லை. ‘இந்த நீரை எடுத்தவர், சோதித்தவர், முன்பு இதே ஆலையின் ஊழியர். வேறு ஒருவர் எடுக்க வேண்டும்’ என்று ஓரத்தில் எழுதினேன். கண்காணிப்பாளர் சாவித்ரி அம்மாள் படித்தார்.

“உன் பேரப் போட்டே எழுதியிருக்கியே. இதுக்கு மேல உன்னை எங்க மாத்துவாங்கன்னு யோசிச்சியா?”

“தெரியலம்மா.”

அவர் தன் கையெழுத்தையும் கீழே போட்டு உள்ளே அனுப்பினார். நான் கேட்கவே இல்லை.

மத்தியானம் நன்றாகப் பசித்தது.

மார்ச் 6, புதன்

கோப்பு திரும்பி வந்தது. மதுரை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் ஓடையில் தண்ணீர் எடுக்கப் போகிறார்கள், அவர்கள் வண்டியிலேயே. என் பெயர் இல்லை.

பகல் இடைவேளையில் தபால் நிலையம் போய்க் குருவம்மாளுக்கு ஒரு கார்டு எழுதினேன். ‘வரும் வாரம் மூன்று பேர் வருகிறார்கள். கரையில் நில்லுங்கள். எங்கே இறங்க வேண்டும் என்று நீங்கள் காட்டுங்கள்.’